ஐந்து கல்லுத் தோடும் அமெரிக்கச் சைலன்சரும்

என் மனைவிக்குத் துவக்குச் சுடத் தெரியும். கலியாண வீடுகளில் நான் இதைச் சொன்னால் ஆண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு என் தோளில் தட்டி, "அண்ணை, எதுக்கும் கவனமா இருங்கோ" என்பார்கள். பழைய பகிடிதான். ஆனாலும் ஒவ்வொரு தரமும் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அந்தப் பகிடி முடியும்வரை நான் ஒரு பெரிய ஆளின் புருஷன்.

அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். சத்திரசிகிச்சைக்குப் போகும் கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, கிருமி நீக்கி, பொதி கட்டி அனுப்புகிற பிரிவு. அங்கே அவளோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வடக்கே, காரில் இரண்டரை மணித்தியாலத் தூரத்தில், ஒரு பண்ணை இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் அங்கே போய்விட்டுச் சிவந்த மூக்கோடு வீட்டுக்கு வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று, "நானும் பழகப் போறன்" என்றாள். பனியில் சறுக்குவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது மான் வேட்டையை.

நான் எதிர்த்தேன். எதிர்த்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் குதித்தேன். "உமக்கென்ன விசரே?" என்று கேட்டேன். அவள் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனாள், சோதனை எழுதினாள். வேட்டைக்கு வேறு வகுப்பு, வேறு சோதனை, அதையும் எழுதினாள். லைசென்ஸ் விண்ணப்பத்தில் வீட்டுக்காரரும் கையெழுத்து வைக்க ஓர் இடம் இருந்தது. பேனையை என் கையில் தந்துவிட்டு, நான் வைக்கும்வரை பக்கத்தில் நின்று ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தாள். கோப்பை காலியாவதற்கு முன் நான் வைத்துவிட்டேன்.

துவக்கு என்றால், போருக்குத் தப்பி வந்த எங்கள் சனத்துக்கு வேறு ஞாபகங்கள் வரும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது ஒரு அன்ரி அதை நேரேயே கேட்டுவிட்டார். "பிள்ளை, அங்க பட்டது காணாதே? இஞ்ச வந்தும் உந்தச் சனியனைத் தூக்கவேணுமே?"

"அன்ரி, அங்க நாங்கள் துவக்கைக் கண்டால் ஓடினனாங்கள்" என்றாள் என் மனைவி. "இது என்ரை துவக்கு. சோதினை பாஸ் பண்ணி வாங்கினனான். பெட்டியிக்கை பூட்டி, சாவியை நான் வச்சிருக்கிறன்."

அன்ரி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு இறைச்சி கிடைத்தால் தனக்கும் ஒரு பார்சல் தரச் சொன்னார். அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டு மான் இறைச்சிக் கறிக்கு மார்க்கம் நகரில் பாதிக் கோயில் வாடிக்கை.

சாவி அவளிடம் என்பது உண்மை. என் வீட்டிலேயே எனக்குத் திறக்க முடியாத ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. துவக்கு ஒரு பெட்டியில், தோட்டா இன்னொன்றில். அவள் சுடுவதைப் பார்க்கப் பயிற்சி மைதானத்துக்கு நான் கூடப் போவேன், பை தூக்க. ஒவ்வொரு சூட்டுக்கும் முன் மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவாள். அவசரப்பட்டு அவள் சுட்டதை நான் கண்டதில்லை. போன வருஷம் குளிரில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, மான் வந்து நேரே நின்றும் சுடவில்லையாம். ஏனென்று கேட்டேன். மானுக்குப் பின்னால், மரங்களுக்கு அப்பால், ஒரு தெரு இருந்ததாம். காரொன்றும் போகவில்லைத்தானே என்றேன். "போகாது எண்டு எனக்குத் தெரியுமே?" என்றாள். பஸ் ஓட்டுகிற எனக்குச் சந்தியில் ஒரு மஞ்சள் விளக்கைக் கண்டால் அந்தப் பொறுமை வருவதில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அவளுடைய மற்றப் பெரிய காரியம் பாட்டு. எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள்தான். முன்னால் நின்று ஒரு கையை உயர்த்திச் சுருதியைக் கொடுப்பாள். பின்வரிசையில் யார் அரைச் சுரம் விலகினாலும் அந்தப் பக்கம் ஒரு பார்வை போகும். காதில், எங்கள் கலியாணத்தின் வெள்ளிவிழாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஐந்து கல்லுத் தோடு மின்னும். நல்ல பாரமான தோடு. அதை வாங்கிய புதிதில் ஒரு கலியாணத்துக்கு, காது நோகிறது என்று அவள் அதைப் போடாமல் வெளிக்கிட்டாள். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இரவு பகல் என்று இல்லாமல் அது அவள் காதிலேயே கிடந்தது.

இந்தக் காது விஷயம் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நான் கவனித்தது காரில். இன்னொருவர் ஓட்டும் வாகனத்தில் ஏறினால் என் வலது கால் தன்பாட்டில் பிரேக்கைத் தேடும். ஆகவே நாங்கள் சேர்ந்து எங்கே போனாலும் நான்தான் ஓட்டுவேன். அவள் பக்கத்தில் இருப்பாள். ஒரு இரண்டு மூன்று வருஷமாக, காரில் நான் ஏதாவது கேட்டால் அவள் பேசாமல் முன்னாலே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் தரம் கேட்பேன். மூன்றாம் தரம் குரல் உயர்ந்துவிடும்.

"ஏன் இப்ப கத்துறியள்?"

"நீர் வாயைத் திறக்காட்டில் கத்தாமல் என்ன செய்யிறது?"

வீட்டில் இவ்வளவு மோசமில்லை. காருக்குள்தான். எனக்குக் காது கொடுக்காமல் இருப்பதற்கு அவள் கண்டுபிடித்த புது வழி என்று நினைத்தேன். இரண்டு பேரைக்கூட இதைச் சொல்லி நியாயம் கேட்டிருக்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிறு, அவளுக்கு இடப்பக்கம் நின்ற பெண்களின் உச்சக் குரல் விலகிப் போனது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. ஓர்கன் வாசிப்பவர் நிறுத்திய பிறகுதான் திரும்பினாள். அவளுடைய முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. அடுத்த வாரமே செவிப் பரிசோதனைக்குப் போனாள். இடது காதில் மேல் ஒலிகள் குறைந்துவிட்டன, சத்தம் பட்டுப் பட்டு வந்த குறை, போனது திரும்பாது, இன்னும் கொஞ்சம் போனால் உச்சக் குரல்களைப் பிரித்துக் கேட்கமுடியாது என்று சொன்னார்கள். மைதானத்தில் காதுமூடி போடுவீர்களா என்று கேட்டார்களாம். ஒரு நாளும் போடாமல் விட்டதில்லை என்று அவள் சொன்னாள். அது உண்மை. பையில் இருந்து அதை எடுத்துக் கொடுப்பவன் நான்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள்: "இந்த வருஷம் ஒருக்கா வேட்டைக்குப் போயிட்டு வாறன். பேந்து துவக்கை வித்துப்போடுவம். பாட்டை விடேலாது."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஐம்பது வயதுக்குப் பிறகு தானாகத் தேடி எடுத்த ஒன்று. அதை ஒரு பழைய கதிரையை வெளியில் வைப்பதுபோல வைக்கப் பார்க்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் ஒகையோவில் இருக்கும் அவளுடைய தம்பிக்குப் போன் எடுத்தேன்.

மச்சானும் வேட்டைக்காரன். போன கோடையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது தன் துவக்கின் முனையில் பூட்டும் ஒரு கறுப்புக் குழாயைக் காட்டினான். நாங்கள் சைலன்சர் என்போம். அவன் அப்படிச் சொல்லக்கூடாது என்று திருத்தினான். சத்தம் இல்லாமல் போகாது, காதைக் கிழிக்காத அளவுக்குக் குறையும், அவ்வளவுதானாம். அதை அவன் வாங்கிய கதை எனக்குப் பிடித்திருந்தது. ஊரில் உள்ள ஒரு கடையில் மூன்றை வரிசையாக வைத்துக் காட்டினார்களாம். ஒன்று இலேசு, விலை கூட. ஒன்று தடிப்பு, பாரம். நடுவில் இருந்ததை அவன் தன் துவக்கில் வைத்து, தோளில் ஏற்றிப் பார்த்து, முனை சரிந்து கை இழுபடாததால் எடுத்தான். பிறகு கைரேகை, படம், அரசாங்கத்துக்கு விண்ணப்பம். அனுமதி வரும்வரை மாதக்கணக்கில் அது கடையிலேயே அவன் பெயரில் இருந்தது. பதிவு எழுத்து முடிந்து தாலி ஏறாத பெண்ணைப் போல, போய்ப் பார்க்கலாம், வீட்டுக்குக் கூட்டிவர ஏலாது.

"அத்தான், நான் புதுசு ஒண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கிறன்" என்றான் போனில். "இது சும்மாதான் கிடக்கப் போகுது. அக்காவுக்குக் கொண்டு வாறன். அவவுக்கு லைசென்ஸ் இருக்குத்தானே?"

"ஓம், எல்லா லைசென்ஸும் இருக்கு" என்றேன். "அவவுக்குச் சொல்லாதை. நான் குடுக்கிறன்."

எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், முதல் கேள்வி எப்போது வருகிறார்கள் என்பது; இரண்டாவது, பெட்டியில் இடம் இருக்கா என்பது. மருந்து, சீலை, மிளகாய்த்தூள், பிள்ளைக்குக் கம்பியூட்டர் என்று எல்லைகளைத் தாண்டி எத்தனையோ சாமான் கைமாறியிருக்கிறது. இதுவும் அப்படி ஒரு சாமான் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அவன் ஐப்பசியில் நீண்ட வாரவிடுமுறைக்கு எங்கள் வீட்டு விருந்துக்கு வருவதாக இருந்தான். சனிக்கிழமை வெளிக்கிடுவான், ஞாயிறு விருந்து.

அந்தச் சனிக்கிழமை காலை அவளுக்குச் செம்மஞ்சள் தொப்பி வாங்கவேண்டியிருந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் தூரத்தில் தெரிய அந்த நிறத்தில் தொப்பியும் மேல்சட்டையும் போடவேண்டும். ஸ்காபரோவில், மாபிள் கல்லு விற்கும் கடைக்கும் கார் திருத்தும் கடைக்கும் நடுவில், யன்னலே இல்லாத ஒரு துவக்குக் கடை. அவள் வழக்கமாகப் போகும் இடம். எனக்கும் அங்கே ஒரு இரகசிய வேலை இருந்தது. மச்சானின் குழாயை அவளுடைய துவக்கில் பூட்ட இடையில் ஒரு துண்டு வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான்.

கடைக்காரர் எழுபதைத் தொட்டவர். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி, இரண்டு காதிலும் கேட்கும் கருவி. அவள் தொப்பிகளின் பக்கம் போனதும் நான் மேசையில் சாய்ந்து, மெல்லிய குரலில், சைலன்சர் பூட்டும் துண்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கொஞ்சம் உரத்துக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இந்த நாட்டில் அது கிடையாது என்றார். விலை கூடவா என்று கேட்டேன். விலையில்லை, அனுமதியில்லை; எந்த லைசென்ஸ் இருந்தாலும் தனியாள் ஒருவர் அதை வைத்திருக்க முடியாது என்றார். எனக்குக் கோபம் வந்தது. அமெரிக்காவில் கடையில் வரிசையாக வைத்து விற்கிறார்களே என்றேன். ஓம், பல மாநிலங்களில் விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் சட்டப்படிதான் வாங்குகிறார்கள், நியூயோர்க் போன்ற சில மாநிலங்களில் அங்கேயும் கூடாது என்று ஆறுதலாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். யாராவது எல்லை தாண்டிக் கொண்டுவர நினைத்தால் அது குற்றம். கொண்டுவருபவர் மாட்டுவார், யாருக்காகக் கொண்டுவந்தாரோ அவருடைய லைசென்ஸும் துவக்கும் போய்விடும்.

நான் நேரத்தைப் பார்த்தேன். மச்சான் வெளிக்கிட்டு ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருக்கும். 

அதற்குள் அவள் தொப்பியோடு வந்துவிட்டாள். கடைக்காரர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சத்தத்தால் தொல்லையா என்று அவளிடம் கேட்டார். அவள் பரிசோதனையைப் பற்றிச் சொன்னாள். மைதானத்தில் மூடி போடுகிறாள் சரி, காட்டில்? காட்டில் போடுவதில்லை என்றாள். போட்டால் மான் நடக்கிற சத்தம் கேட்காது. அவர் தலையாட்டிவிட்டுத் தன் கேட்கும் கருவிகளைத் தொட்டுக் காட்டினார். அவரும் அதே காரணத்துக்காகத்தான் முப்பது வருஷம் போடவில்லையாம்.

அவர் உள்ளே போய் இன்னொரு வகைக் காதுமூடியைக் கொண்டுவந்தார். பற்றரி போட்டது. சின்னச் சத்தங்களைக் கூட்டிக் காட்டும். வெடி வெடித்த கணத்தில் தானாக அடைத்துக்கொள்ளும். அவள் அதைப் போட்டுக் குமிழைத் திருப்பினாள். அவர் பற்றுச்சீட்டுக் கடதாசியை அவளுக்குப் பின்னால் கசக்கிக் காட்டினார். அவளுடைய கண்கள் விரிந்தன.

இதுதான் தருணம் என்று நான் கடையின் மறுகோடிக்கு, படகுத் துடுப்புகள் தொங்கும் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போன் எடுத்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தேன்.

"மச்சான், அந்தச் சைலன்சரை இஞ்ச கொண்டரேலாதாம். அக்காவுக்குத் தெரியவேண்டாம். நீ எங்கயாவது..."

"எந்தச் சைலன்சர்?"

கேட்டது மச்சான் இல்லை. இருபது அடிக்கு அப்பால், காதுமூடியோடு நின்ற என் மனைவி. மூன்று வருஷமாகக் காருக்குள் நான் கதைத்தது கேட்காதவளுக்கு, வாயைப் பொத்திக்கொண்டு நான் குசுகுசுத்தது கேட்டுவிட்டது. கடைக்காரர் குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

அவள் வந்து போனை என் கையிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, எங்க நிக்கிறாய்?"

"ஈரீக்குக் கிட்ட, அக்கா. எல்லைக்கு இன்னும் ஒண்டரை மணித்தியாலம் இருக்கு. பெற்றோல் அடிக்கிறன்."

"சாமான் எங்க?"

"எந்தச் சாமான்?"

"அத்தான் சொன்ன சாமான்."

 "பின்னால, கேக் பெட்டிக்குப் பக்கத்தில."

"காரைத் திருப்பு."

"அக்கா, நாளைக்கு விருந்து..."

"விருந்து எங்கயும் ஓடாது. அதைக் கொண்டுபோய் உன்ரை பெட்டியிக்கை பூட்டு. பூட்டிப்போட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பு. பேந்து வா. இண்டைக்கு ஏலாட்டில் நாளைக்கு விடிய வா."

"அத்தான்தான் ஓம் எண்டவர்..."

"அத்தானை நான் பாக்கிறன். நீ திருப்பு."

அவன் திருப்பினான். அன்று பின்னேரம் பூட்டிய பெட்டியின் படம் வந்தது. அடுத்த நாள் மத்தியானம் கேக்கோடு அவனும் வந்தான், என்னை நேரே பார்க்காமல்.

கடையில் அவள் போனை என்னிடம் திருப்பித் தந்தாள். வெடிக்கப் போகிறாள் என்று காத்து நின்றேன்.

"எனக்காகத்தான் செய்தனீங்கள். அது தெரியும்" என்றாள். "ஆனால் என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

திரும்பி மேசைக்குப் போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன்.

கடைக்காரர் நடந்தது எதுவும் கேட்காதவர்போல வேலையைத் தொடர்ந்தார். நான் பல கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கித் தந்து, இதுதான் நல்லாப் போகிறது என்பார்கள். இவர் அப்படியில்லை. ஒரு மரப் பிடியைக் கொடுத்து, துவக்கைப்போலத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கச் சொன்னார். மூடியின் விளிம்பு பிடியில் முட்டி மேலே எழும்பியது. அதைக் கழற்றி, இன்னும் மெல்லியதாக ஒன்றைக் கொண்டுவந்தார். அது முட்டவில்லை. தொப்பியையும் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு பற்றுச்சீட்டுச் சுருளில் ஒரு நீளத் துண்டு கிழித்து, அவளிடம் அனுமதி கேட்டுவிட்டு, மூடியின் மெத்தைக்குக் கீழே செருகினார். தனக்குக் காது போன பிறகு கண்ணையும் விரலையும்தான் நம்புவதாகச் சொன்னார். முன்பக்கம் துண்டை இழுத்தார். மெத்தை இறுக்கிப் பிடித்தது. பின்பக்கமும் பிடித்தது. காதின் சோணைக்குக் கீழே வைத்து இழுத்தார். துண்டு வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். விரல் நுனியால் தோட்டைத் தொடாமல் சுட்டினார். எவ்வளவு காலம் இதைப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

"ஐஞ்சு வருஷம்" என்று என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள். பிறகு அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

மைதானத்திலும் இதோடா? இதோடுதான். அவர் மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். தோடும் அதன் பின்சுரையும் மெத்தையைத் தூக்கிப் பிடிக்கின்றன, அந்த இடைவெளியால் சத்தம் உள்ளே போகிறது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் துவக்கின் வாய்ப் பக்கம் திரும்பி நிற்கும். அதனால்தான் இடது. காட்டில் மூடாமல் விட்ட வெடிகள் சில. மைதானத்தில் இந்த இடைவெளியோடு சுட்டவை எத்தனை நூறோ. மூக்குக்கண்ணாடிக் காம்பு இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன், கல்லு வைத்த தோடு இதுதான் முதல் தரம் என்றார். அழகான தோடு என்றும் சொன்னார்.

 மைதானத்தில் பையிலிருந்து மூடியை எடுத்து நான்தான் கொடுப்பேன். சில நாள் நானே அவள் தலையில் வைத்து, அந்தத் தோட்டுக்கு மேலே அழுத்தியும் விட்டிருக்கிறேன். அவள் காதைக் கெடுத்தது துவக்கு என்று நினைத்து, கொண்டுவரக்கூடாத சாமானுக்கு எல்லை தாண்டி ஆள் விட்டவன் நான். கெடுத்ததில் பாதி என் வெள்ளிவிழாப் பரிசு. அதைக் கழற்றாமல் இருந்ததற்குக் காரணம் என் இரண்டு நாள் முகம்.

அவள் கழற்றப் பார்த்தாள். சுரை இறுகிப்போய் அசையவில்லை. "இஞ்சாருங்கோ, ஒருக்காப் பிடியுங்கோ" என்றாள். நான் போய்ப் பிடித்தேன். சுரை அசையக் கொஞ்சம் நேரம் எடுத்தது. இரண்டையும் கழற்றி முடிக்க, சோணையில் சுரை அழுத்திய இரண்டு பள்ளம் வெள்ளையாகத் தெரிந்தது. கடைக்காரர் அதே கடதாசித் துண்டைத் திரும்பச் செருகி இழுத்தார். அது கிழிந்தது. அவர் கிழிந்த துண்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார், அவளும் சிரித்தாள்.

அதோடும் அவர் விடவில்லை. மூடிக்கு உள்ளேயும் நுரை அடைப்பான் போடவேண்டும் என்று, அதை விரல்களுக்கிடையில் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்துச் செருகக் காட்டிக்கொடுத்தார். அவள் மூன்று தரம் செய்துகாட்டிய பிறகுதான் பில் போட்டார். இனி ஒழுங்காக இவற்றைப் போட்டுக்கொண்டு சுட்டால் துவக்கை விற்கத் தேவையில்லை, ஆனால் வருஷா வருஷம் காதைச் சோதித்துப் பாருங்கள் என்றார். அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. கையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியில் மழை. நான் வழக்கம்போலக் காரை ஓட்டுகிறவர் ஏறும் இடப்பக்கக் கதவுக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் அங்கே நின்றாள்.

"திறப்பைத் தாங்கோ."

"ஏன்?"

"நீங்கள் கார் ஓடேக்கை என்ரை இடது காதுதானே உங்கட பக்கம். இனி நான் ஓடுறன். நீங்கள் கதையுங்கோ."

மழையில் நின்றுகொண்டு அதை யோசித்தேன். மூன்று வருஷச் சண்டை. இரண்டு பேரிடம் கேட்ட நியாயம். சாவியைக் கொடுத்துவிட்டுச் சுற்றிப்போய் மற்றப் பக்கம் ஏறினேன்.

அவள் நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறினாள். என் கால் இல்லாத பிரேக்கை இரண்டு தரம் மிதித்தது.  தோடு இரண்டும் என் உள்ளங்கையில் இருந்தன. சூடு இன்னும் ஆறவில்லை. வைப்பர் அடிக்கிற சத்தத்துக்கும் கீழே, எனக்கே கேட்டும் கேட்காத குரலில் சொன்னேன்.

"தோட்டைக் கழட்டவிடாமல் நிண்டது நான்தான், என்ன."

அவள் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம்" என்றாள். "நீங்கள்தான்."